நடுவிலிருந்து பார்க்கும் அப்பா

கேள்வி: வேலை, குழந்தை என்று எனக்கு நேரமே கிடைப்பதில்லை. ஒரு சீரிஸ் பிடிக்காவிட்டால் பாதியிலேயே விட்டுவிடுவேன். ஓய்வு பெற்ற அப்பாவுக்கு என் ஓடிடி கணக்கில் தனி புரொஃபைல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் என் புரொஃபைலுக்குள் போய், நான் விட்ட இடத்திலிருந்து பார்க்கிறார். முதலிலிருந்துகூடப் பார்ப்பதில்லை! 'பிரேக்கிங் பேட்'டில் ஓர் எபிசோடு முழுக்க ஈயைத் துரத்துகிறார்கள். அங்கேதான் விட்டேன். அதுதான் இருப்பதிலேயே சிறந்த எபிசோடு என்று அப்பா வாதாடுகிறார். 'டார்க்' முதல் சீசனோடு போதும் என்று நிறுத்தினேன். அவர் அதில் வரும் குடும்பங்களுக்கு வம்ச வரைபடம் போட்டு, இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. முடிவையும் சொல்லிவிடுகிறார். என் புரொஃபைலை அவர் திறக்க முடியாதபடி ரகசிய எண் (பின் நம்பர்) போட்டுவிடலாமா? அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வயது 38

பதில்: பிடிக்காத சீரிஸைப் பாதியில் விடுவதில் தப்பே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்குச் சாதகமாக இதற்குமேல் நான் சொல்லப்போவது குறைவு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 73 எபிசோடையும் உட்கார்ந்து முடித்த ஆள் நான். 2019-இல் அதன் கடைசி சீசனை மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு அந்தக் கோபம்கூட வரவில்லை. ஆறாவது சீசனிலேயே எழுந்து போயிருக்கலாமே என்றுதான் இருந்தது.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். போகிற போக்கில், ஆச்சரியக்குறி போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'முதலிலிருந்துகூடப் பார்ப்பதில்லை!' எழுதிவிட்டு அடுத்த புகாருக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

'டார்க்' ஜெர்மன் சீரிஸ். மூன்று சீசன், 26 எபிசோடு. நான்கு குடும்பங்கள், 33 வருஷ இடைவெளியில் 2019, 1986, 1953 என்று தாவும் கதை. ஒரே ஆள் பையனாக, நடுவயதுக்காரராக, கிழவராக வேறு வேறு முகத்தில் வருவார். முதல் எபிசோடிலிருந்து ஒழுங்காகப் பார்த்தவர்களே யார் யாருக்கு என்ன உறவு என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அதைப் போய் ஒரு மனிதர் 11-வது எபிசோடிலிருந்து தொடங்குகிறார் என்றால், கதைக்காகவா தொடங்குகிறார்? கதை வேண்டுமென்றால் முதல் எபிசோடு ஒரு தொடுதல் தூரத்தில் இருக்கிறது. அவர் தொடவில்லை. பையன் எங்கே எழுந்து போனான் என்று பார்த்து, அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். பள்ளியில் நீங்கள் பாதியில் விட்ட கணக்கை நோட்டில் பார்த்தபோதும் அவருக்குக் கை பரபரத்திருக்கும்.

நானே கூட்டிப் பார்த்தேன். 'பிரேக்கிங் பேட்' மொத்தம் 62 எபிசோடு. ஈ வருவது 30-வது. அதையும் சேர்த்தால் அவர் பார்த்தது 33. 'டார்க்'கில் 16. ஆக 49 எபிசோடு, சுமார் 40 மணி நேரம். யார் நல்லவன், யார் கெட்டவன் என்றுகூடத் தெரியாமல் 40 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், தம்பி. உங்களுக்கு அது புரொஃபைலில் வரிசை கலைந்துபோன குறையாகத் தெரிகிறது!

அந்த ஈ எபிசோடைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2010-இல் வந்தது. செலவு கைமீறிப் போனதால், கதையில் போதைப்பொருள் தயாரிக்கும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே போகாமல் இரண்டு நடிகர்களை வைத்தே கிட்டத்தட்ட முழுவதையும் முடித்தார்கள். அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டவர்கள் நிறைய. ஆனால் ஈ அதில் ஒரு சாக்குதான். வாத்தியாராக இருந்த ஒருவர், மகன் வயதுள்ள ஒருவனிடம் ஏதோ சொல்லிவிடத் துடிக்கிறார். வாய் வரவில்லை. அதனால் ஈயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். பாதியில் எழுந்த உங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. உங்கள் அப்பா கடைசிவரை பார்த்திருக்கிறார். அதுதான் சிறந்த எபிசோடு என்று அவர் சொன்னபோது, 'ஏம்பா?' என்று கேட்டீர்களா? வாதாடுகிறார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பதிலுக்கு என்ன சொன்னீர்கள் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை. 'போர்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்திருப்பீர்கள் என்பது என் ஊகம்.

இது எனக்குப் புதிய கடிதமும் இல்லை. பார்த்த கதையை அம்மா மூன்று தரம் சொல்கிறாள், மாமனார் நடுவில் நடுவில் யார் இவன் என்று கேட்கிறார் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிய வேண்டியது எப்படி நிறுத்துவது என்பது மட்டும்தான். பெற்றவர்களோடு பேசுவது பிள்ளைகளின் கடமை என்று நம்புகிற பழைய ஆள் நான். நேரம் இருந்தால் பேசலாம், மனசு இருந்தால் பேசலாம் என்பதெல்லாம் எனக்கு விளங்குவதில்லை. மனசு இருந்தால்தான் வாடகை கட்டுகிறோமா? பல வீடுகளில் 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா' என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகிறது. உங்கள் அப்பா பேச விஷயத்தோடு வருகிறார். அதுவும் உங்களுக்குத் தெரிந்த விஷயமாகப் பார்த்துத் தேடி எடுத்துக்கொண்டு வருகிறார்.

முடிவைச் சொல்லிவிடுகிறார் என்ற புகார் செல்லாது. நீங்கள்தான் விட்டுவிட்டீர்களே, அப்புறம் முடிவு தெரிந்தால் என்ன? இரவு 11 மணிக்கு அனுப்புவது மட்டும் அவர் தப்பு. குழந்தை இருக்கிற வீடு. 'பத்து மணிக்கு மேல அனுப்பாதீங்கப்பா' என்று நேராகவே சொல்லலாம். அதற்கெல்லாம் மனம் நோகாது.

பின் நம்பருக்கு நோகும். குழந்தைகள் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடாமல் இருக்க அது நல்ல வசதி. நாலே எண்தான். ஆனால் அடுத்த தடவை உங்கள் பெயரைத் தொடும்போது அவருக்கு ஒரு பூட்டுப் படம் தெரியும். அதை மனம் நோகாமல் செய்யும் வழியை என்னிடம் கேட்கிறீர்கள். என்னிடம் இல்லை, இருந்தாலும் சொல்ல மாட்டேன். 'தொடர்ந்து பார்க்க' வரிசையிலிருந்து எதையும் நீக்கவும் வேண்டாம். அவர் அதைப் பார்த்துத்தான் வருகிறார்.

திறக்காமல் வைத்திருக்கும் அந்த வம்ச வரைபடத்தை இன்றைக்குத் திறந்து பாருங்கள். முதல் சீசனைப் பார்க்காதவர் போட்ட படம் அது, எங்கேயாவது ஒரு கோடு தப்பாகப் போயிருக்கும். முதல் சீசனைப் பார்த்தவர் நீங்கள். எந்தக் கோடு என்று கண்டுபிடித்து, பத்து மணிக்குள் போன் போடுங்கள்.