பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ.: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள். பேஸ்மேக்கர் கார்டில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று இருந்தும், ஸ்கேன் சென்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் சார்?

பதில்: கார்டில் பெட்டியின் (பேட்டரி உள்ள பகுதி) மாடல் மட்டும் இருந்ததா, லீடுகளின் (பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பிகள்) மாடலும் இருந்ததா என்று பாருங்கள். பெட்டி, லீடு இரண்டும் சேர்த்துச் சோதித்த ஜோடியாக இருந்தால்தான் அது 'எம்.ஆர். கண்டிஷனல்', அதாவது சொன்ன நிபந்தனைகளோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். பத்து வருடத்தில் பேட்டரி தீர்ந்து பெட்டியை மட்டும் மாற்றியிருப்பார்கள். உள்ளே பழைய லீடுதான் இருக்கும். ஒரு கம்பெனி பெட்டியில் இன்னொரு கம்பெனி லீடை மாட்டியிருந்தாலும் அந்தத் தகுதி போய்விடும். பேஸ்மேக்கர் வைத்த மருத்துவமனையில் லீடு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்: முறிந்த லீடு, பெட்டியில் மாட்டாமல் உடம்பிலேயே விட்ட பழைய லீடு எல்லாம் அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 2006-இல் வைத்தது. அப்போது எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது என்றார்கள். இப்போது எடுக்கலாம் என்கிறார்கள். எது சரி?

பதில்: அன்றைய எச்சரிக்கையும் காரணமில்லாமல் சொன்னதல்ல. எம்.ஆர்.ஐ.யில் மூன்று தொல்லைகள். எப்போதும் இருக்கும் நிலைகாந்தம், பெட்டிக்குள் இருக்கும் ரீட் ஸ்விட்சை (காந்தம் பட்டால் இயங்கும் ஸ்விட்ச்) தட்டிவிடலாம். கிரேடியண்ட் (ஸ்கேனின்போது வேகமாக மாறும் காந்தப்புலம்) எழுப்பும் மின் இரைச்சலை இதயத் துடிப்பு என்று பேஸ்மேக்கர் தப்பாக எடுத்துக்கொண்டு, துடிப்புக் கொடுப்பதை நிறுத்திவிடலாம். ரேடியோ அலை லீடை ஆன்டெனாவாக்கி, நுனி தொடும் தசையைச் சுட்டுவிடலாம். அப்புறம் அதே வோல்டேஜுக்கு இதயம் பதில் சொல்லாமல் போகலாம்.

2017-இல் வெளிவந்த மேக்னாசேஃப் ஆய்வில், கண்டிஷனல் அல்லாத கருவி வைத்தவர்களுக்கு 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) கருவியில், நெஞ்சுப் பகுதியைத் தவிர்த்து, பேஸ்மேக்கருடன் 1,000 ஸ்கேனும் ஐ.சி.டி.யுடன் (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுக்கும் கருவி) 500 ஸ்கேனும் எடுத்தார்கள். ஸ்கேனின்போது மரணமோ லீடு பழுதோ இல்லை. ஆறு பேருக்கு இதயத் தாளம் சிறிது நேரம் மாறித் தானே சரியானது. ஒரு ஐ.சி.டி. பெட்டியை மட்டும் உடனே மாற்ற வேண்டியிருந்தது. அதை ஸ்கேனுக்கு முன் விதிப்படி செட் செய்திருக்கவில்லை. ஆகவே பழைய கருவி என்பதாலேயே மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இதய மருத்துவர் மேற்பார்வையோடு எடுக்கும் இடத்தில்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: மாட்டாமல் விட்ட லீடு இருந்தால்?

பதில்: கண்டிஷனல் கணக்கில் வராது. பெட்டியோடு சேராத லீடின் நுனி, சேர்ந்ததைவிட அதிகமாகவே சூடாகலாம். ஸ்கேன் அவ்வளவு அவசியமா என்று ஸ்கேன் எழுதிய மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய இடம் இது.

கேள்வி: நான் ரேடியோகிராஃபர். பேஷண்ட் வந்தவுடன் எந்த வரிசையில் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ப்ரோகிராமரில் (வெளியிலிருந்து பேஸ்மேக்கரைப் படித்து செட் செய்யும் கருவி) பேட்டரி, லீடு இம்பீடன்ஸ் (லீடின் மின் எதிர்ப்பு), த்ரெஷோல்ட் (இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜ்) மூன்றையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். த்ரெஷோல்ட் 0.4 மில்லிசெகண்ட் துடிப்பு நீளத்தில் 2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பது பல மாடல்களின் நிபந்தனை. பேஸ்மேக்கர் வைத்து ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும் என்றும் பல மாடல்களில் உண்டு. அந்தந்த மாடலின் கையேட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். 3 டெஸ்லாவுக்கு அனுமதி இருக்கிறதா என்பதும் அதில்தான் இருக்கும்.

பேஸ்மேக்கரையே நம்பித் துடிக்கும் இதயம் என்றால் டி.ஓ.ஓ. (DOO) அல்லது வி.ஓ.ஓ. (VOO) மோடில் வையுங்கள்: எந்த இரைச்சலையும் கேட்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். சொந்தத் துடிப்பு நன்றாக இருப்பவருக்கு அந்த மோடு வேண்டாம். இரண்டு துடிப்பும் மோதி, ஈசிஜியின் டி (T) அலை மேல், அதாவது இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தில், ஒரு அடி விழுந்தால் ஆபத்து. அவருக்குப் பேசிங்கை (பேஸ்மேக்கர் துடிப்புக் கொடுப்பதை) நிறுத்தி வையுங்கள். ஐ.சி.டி. என்றால் ஷாக் சிகிச்சையை அணைக்க வேண்டும்.

இதெல்லாம் காந்த அறைக்கு வெளியே. ப்ரோகிராமரும் டீஃபிப்ரிலேட்டரும் (வெளியிலிருந்து ஷாக் கொடுக்கும் கருவி) உள்ளே போகவே கூடாது. ஸ்கேன் ஓடும்போது ஈசிஜி கோடு கோணல்மாணலாகத் தெரியும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலையை நம்புங்கள். ஏதாவது ஆனால் டேபிளோடு வெளியே இழுத்து வந்துதான் சிகிச்சை.

முடிந்ததும் மறுபடி மூன்று அளவுகளையும் எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டு, பழைய மோடுக்கு மாற்றுங்கள். அவசரத்தில் தவறுவது இங்கேதான்: ஸ்கேன் மோடிலேயே ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். ஐ.சி.டி. வைத்தவரானால் ஷாக் அணைந்தபடியே போய்விடுவார்.

கேள்வி: ஸ்கேன் என் மகளுக்கு; பேஸ்மேக்கர் எனக்கு. துணைக்கு உள்ளே போகலாமா?

பதில்: போகாதீர்கள். ஸ்கேன் ஓடாவிட்டாலும் காந்தம் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். வேறு யாரையாவது அனுப்புங்கள்.

கேள்வி: சி.டி. ஸ்கேனுக்கும் இதெல்லாம் உண்டா?

பதில்: இல்லை. அதில் காந்தமே கிடையாது. கார்டை மட்டும் காட்டிவிடுங்கள்.