வைன்கிளாஸ் குடாவில் ஓர் இரவு: கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில், ஃபிரேசினே தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது வைன்கிளாஸ் குடா. அங்கே கார் போகாது. இளஞ்சிவப்புப் பாறை மலை ஒன்றின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கித்தான் மணலை மிதிக்க முடியும். வருகிறவர்களில் பெரும்பாலோர் மேலே இருக்கும் காட்சி மேடை வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தீவின் தலைநகரான ஹோபார்ட்டில் குடியிருப்பதால் நான் வருடத்துக்கு ஒரு முறையாவது அங்கே கூடாரம் போட்டுத் தங்குகிறேன். தெரிந்தவர்களிடமெல்லாம் "ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால், கேள்விகளும் வந்துகொண்டே இருக்கின்றன.

சென்னையிலிருந்து பத்து நாள் பயணமாக வருகிறோம். ஹோபார்ட்டிலிருந்து காலையில் கிளம்பி, அந்த இடத்தைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா அக்கா?

முடியும். ஹோபார்ட்டிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். காரில் இரண்டரை மணி நேரம் ஆகும். கார் நிறுத்துமிடத்திலிருந்து காட்சி மேடைக்கு ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் போதும். கடற்கரை வரை போய்த் திரும்புவதென்றால் மொத்தம் 6 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. திரும்பும்போது இருட்டிவிட்டால் ஓட்டாதீர்கள். மாலை மங்கியதும் சின்னக் கங்காரு போன்ற வாலபிகளும், மரமேறும் இரவு விலங்குகளான போஸம்களும் சாலைக்கு வந்துவிடும். பட்டப்பகலில் அந்தச் சாலையில் போனால் ஓரமெல்லாம் அடிபட்டுக் கிடக்கும் உயிர்களைப் பார்ப்பீர்கள். எல்லாம் முந்தைய இரவில் நடந்தவை. அதனால்தான் பூங்காவை ஒட்டிய கோல்ஸ் பே ஊரிலாவது ஓர் இரவு தங்குங்கள் என்கிறேன். குடாவிலேயே தங்கினால் இன்னும் நல்லது.

கீழே கூடாரம் போடும் இடம் எப்படி இருக்கும்? முன்பதிவு வேண்டுமா?

கடற்கரையின் தென்கோடியில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது. காட்சி மேடையிலிருந்து ஆயிரம் படி போல இறங்கி மணலைத் தொட்டதும், வலது பக்கம் திரும்பிக் கரையோரமாகவே ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதுகில் மூட்டையோடு, கார் நிறுத்துமிடத்திலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகும். மண்தரையும் மர நிழலும் கழிவை மக்க வைக்கும் கழிப்பறை ஒன்றும் உண்டு. குழாய், விளக்கு, கடை, குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது.

பூங்கா நுழைவுச் சீட்டு கட்டாயம் வேண்டும். கட்டணமும் தங்கும் விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் முன் பூங்கா வரவேற்பு மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காரோடு தங்கும் ரிச்சர்ட்சன்ஸ் பீச் முகாம் வேறு. கோடை விடுமுறையிலும் ஈஸ்டரிலும் அங்கே இடம் பிடிக்கக் குலுக்கல் நடக்கும். பலரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தண்ணீர்? அங்கே ஓடை இருப்பதாக வரைபடத்தில் பார்த்தேன்.

இந்தக் கேள்வி வராவிட்டால் நானே எழுதியிருப்பேன். ஓடை இருக்கிறது, தண்ணீர் இருக்காது. மழைக்குப் பிறகு கொஞ்சம் ஓடும், கோடையில் காய்ந்துவிடும். அதை நம்பிப் போகவே கூடாது.

முதல் தடவை நானும் தோழியும் பிப்ரவரியில் போனோம். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று லிட்டர்தான் எடுத்திருந்தோம். மற்றதை ஓடையில் பிடித்துக் காய்ச்சிக்கொள்ளலாம் என்று நினைப்பு. போய்ப் பார்த்தால் ஓடை இருந்த இடத்தில் ஈர மணல். உள்ளங்கையளவு பள்ளம் தோண்டினேன். தேயிலைச் சாறு போலப் பழுப்பாக ஒரு கை நீர் ஊறியது, அவ்வளவுதான். அன்று இரவு சமைக்கவில்லை. ஆளுக்கு நாலு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தோம். விடிவதற்கு முன்பே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அந்த ஆயிரம் படியை ஏறினோம். சூரியன் எழுவதைப் பார்க்கத்தான் போயிருந்தோம். அது எழுந்தபோது நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தோம்.

அதிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்கு. நாலு லிட்டர் என்றால் நாலு கிலோ. அதைச் சுமக்க வேண்டியிருப்பதால்தான் மற்ற எல்லாவற்றிலும் எடையைக் குறைக்கச் சொல்கிறேன். நாற்காலி வேண்டாம், இரும்புச் சட்டி வேண்டாம், மாற்றுத்துணி ஒன்று போதும். தண்ணீரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நாங்கள் சிட்னியில இருந்து வாறம் அக்கா. அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் நோ. அவவையும் கூட்டிக்கொண்டு போக ஏலுமா?

அம்மாவை அந்தப் படிகளில் ஏற்ற வேண்டாம். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். அதற்காக அவரை ஊரிலேயே உட்கார வைத்துவிடவும் வேண்டாம். மூன்று வழி இருக்கிறது.

கேப் டூர்வில் கலங்கரை விளக்கம் வரை கார் போகும். அங்கே பலகை நடைபாதையில் இருபது நிமிடம் மெதுவாகச் சுற்றி வரலாம். முழுக்கடலும் தெரியும், தெற்கே பார்த்தால் குடாவும் எட்டித் தெரியும். இரண்டாவது, கோல்ஸ் பேயிலிருந்து, குடா இருக்கும் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு குடாவுக்குள் வரும் சுற்றுலாப் படகு. கிழக்குக் கடல் சில நாட்களில் குலுக்கும், அதனால் காலையில் காற்று நிலவரம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மூன்றாவது, படகு டாக்ஸி. அது மேற்குப் பக்கம் இருக்கும் ஹாசர்ட்ஸ் பீச்சில் இறக்கிவிடும். அங்கிருந்து தீபகற்பத்தின் குறுகிய இடுப்பைக் கடந்தால் வைன்கிளாஸ். வழி கிட்டத்தட்டச் சமதளம், அரை மணி நேர நடை. அம்மா சமதளத்தில் நடப்பார் என்றால் இதைத்தான் சொல்வேன். படகிலிருந்து இறங்கும்போது கால் நனையும், கையைப் பிடித்து இறக்குங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போவீர்கள்? விறகு அடுப்பு போடலாமா?

விறகு அடுப்பு கூடவே கூடாது. அங்கே எரிவாயு அடுப்பு மட்டும்தான். காய்ந்த யூகலிப்டஸ் இலையில் ஒரு பொறி விழுந்தால் போதும், தப்பி ஓடுவதற்கு ஒரே ஒரு மலைப்பாதைதான் உண்டு. அடுப்பின் எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஹோபார்ட்டிலோ லான்செஸ்டனிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாஸ்மேனியாவுக்குள் பழம், காய்கறி, செடி, விதை எதுவும் கொண்டுவர முடியாது. மெல்பர்ன் வீட்டுத் தொட்டியில் ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைக் கொத்தும் இதில் அடக்கம். விமான நிலையத்தில் நாய் மோப்பம் பிடிக்கும். மெல்பர்னுக்கு அருகிலுள்ள ஜீலாங்கிலிருந்து கப்பலில் வந்தாலும் சோதனை உண்டு. தீவின் ஆப்பிள், செர்ரித் தோட்டங்களைப் பூச்சியிலிருந்து காக்கத்தான் இவ்வளவு கெடுபிடி. மனதார ஒத்துழையுங்கள்.

நான் கொண்டு போவது புளியோதரை. காலையில் கட்டிக்கொண்டு போனால் இரவு வரை கெடாது, சூடாக்கத் தேவையில்லை, பாத்திரம் கழுவும் தண்ணீரும் மிச்சம். மறுநாள் காலைக்கு வறுத்த ரவையில் கடுகு, மிளகாய், முந்திரி எல்லாம் தாளித்துப் பொட்டலமாக எடுத்துப் போவேன். கொதிநீர் ஊற்றிக் கிளறினால் உப்புமா. பருப்புப்பொடி ஒரு சின்ன டப்பாவில். எண்ணெய்ப் பாத்திரம் கழுவுகிற மாதிரி எதையும் செய்யாதீர்கள். சோப்பு நீரை ஓடையிலோ கடலிலோ கொட்டக் கூடாது.

விலங்குகள் தொந்தரவு உண்டா? பாம்பு?

பாம்பைப் பற்றி முதலில். டாஸ்மேனியாவில் மூன்று வகைப் பாம்புகள்: டைகர் ஸ்நேக், காப்பர்ஹெட், வெள்ளை உதட்டுப் பாம்பு. மூன்றுமே விஷமுள்ளவை, மூன்றுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். வழியில் படுத்திருந்தால் நின்றுவிடுங்கள், அதுவாகவே போய்விடும். கடித்துவிட்டால் கழுவாதீர்கள், கீறாதீர்கள், நடக்காதீர்கள். கடித்த கை அல்லது காலை முழுக்க அழுத்தமான பட்டைத் துணியால் சுற்றி, அசையாமல் வைத்து, அவசர உதவி எண்ணான 000க்கு அழைக்க வேண்டும். கைபேசி சிக்னலை அங்கே நம்ப முடியாது. அதனால் செயற்கைக்கோள் வழியாக அபாய அறிவிப்பு அனுப்பும் கையடக்கக் கருவியை வாடகைக்காவது எடுத்துப் போங்கள். பட்டைத் துணி இரண்டு சுருள் என் பையின் மேல் அறையிலேயே இருக்கும்.

ஆனால் நிஜமான தொந்தரவு கர்ரவாங் என்ற கறுப்புப் பறவைதான். காக்கையை விடப் பெரிது, மஞ்சள் கண், தடித்த அலகு. பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்த பறவை. போன மார்ச்சில் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். முதலில் பையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. பிறகு ஜிப்பின் நாடாவை அலகால் பிடித்து, தலையைச் சாய்த்து, பின்பக்கமாக இரண்டு அடி வைத்தது, ஜிப் திறந்துகொண்டது. உள்ளே இருந்த முறுக்குப் பொட்டலத்தோடு மரத்துக்குப் போய்விட்டது. இரவில் போஸம் வரும். உணவு வாசனை வந்தால் கூடாரத் துணியையே கிழிக்கும். எல்லா உணவும் அழுத்தி மூடும் டப்பாவுக்குள் இருக்க வேண்டும்.

கார் நிறுத்துமிடத்தில் வாலபிகள் கை நீட்டினால் வரும். பிள்ளைகள் ரொட்டி கொடுக்கக் கெஞ்சுவார்கள். கொடுக்கவே கூடாது. நம் உணவால் அவற்றுக்குத் தாடை வீங்கி அழுகும் நோய் வருகிறது. அப்படி ஒரு வாலபியைப் பார்த்திருக்கிறேன், அது மெல்ல முடியாமல் வாயோரம் புல் தொங்க நின்றது. தயவுசெய்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

கடலில் குளிக்கலாமா?

குளிக்கலாம், கவனமாக. கோடையிலும் நீர் 17, 18 டிகிரிதான் இருக்கும். மெரினா பழக்கத்தில் ஓடிப்போய் விழுந்தால் மூச்சு அடைக்கும். கரை செங்குத்தாக இறங்குவதால் அலை மணல் மேலேயே உடைந்து அடிக்கும். உயிர்காப்பாளர் யாரும் கிடையாது. கிழக்கிலிருந்து அலை உயரமாக வரும் நாட்களில் நான் முழங்கால் ஆழத்துக்கு மேல் போவதில்லை. பிள்ளைகள் குளிப்பதற்கு ஹனிமூன் பே நல்லது. அது மறுபக்கம், அலை அடங்கிய இடம்.

வைன்கிளாஸ் என்ற பெயர் எப்படி வந்தது?

இரண்டு விதமாகச் சொல்வார்கள். மேலிருந்து பார்த்தால் ஒயின் கோப்பை போன்ற வளைவு என்பது ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே திமிங்கல வேட்டை நடந்தது. பிடித்த திமிங்கலங்களைக் கரைக்கு இழுத்து வந்து, அறுத்து, கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். அப்போது ரத்தத்தால் குடா முழுக்கச் செந்நிறமாகி, ஒயின் ஊற்றிய கோப்பை போல இருந்ததாம் என்பது இன்னொன்று. எது சரியோ, இரண்டாவதைக் கேட்ட பிறகு அந்த நீரை அதே கண்ணோடு பார்க்க முடியவில்லை. இப்போது தெற்கு நோக்கியும் வடக்கு நோக்கியும் போகும் திமிங்கலங்கள் சில மாதங்களில் இந்தக் கரையைக் கடந்து போகின்றன, யாரும் அவற்றை விரட்டுவதில்லை.

ஐரோப்பியருக்கு முன்னால் இது ஆய்ஸ்டர் பே பழங்குடியினரின் மண். ஹாசர்ட்ஸ் பீச்சின் ஓரத்தில் மணலுக்கு நடுவே சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் போட்டவை. அதன் மேல் ஏறி நடக்காதீர்கள், ஓடுகளை எடுக்காதீர்கள்.

தம்பி ஒருவரின் கேள்வி: ட்ரோன் பறக்கவிடலாமா? நாயைக் கூட்டி வரலாமா?

இரண்டும் தேசியப் பூங்காவில் அனுமதி இல்லை தம்பி.

முழுத் தீபகற்பத்தையும் சுற்றும் பாதை இருக்கிறதாமே?

ஆமாம், சுமார் 30 கிலோமீட்டர். இரண்டு அல்லது மூன்று நாள். ஹாசர்ட்ஸ் பீச், குக்ஸ் பீச், அப்புறம் 579 மீட்டர் உயரமுள்ள கிரஹாம் மலையைத் தாண்டி வைன்கிளாஸுக்கு வந்து இறங்கும். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் நடக்கச் சொல்வார்கள். பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய் காலணி மண்ணோடு பரவி, பாங்ஸியா போன்ற செடிகளைக் கொன்றுவிடும். நோய் இல்லாத பகுதிக்கு அதைக் கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. காலணி தேய்க்கும் தூரிகை வைத்த இடத்தைப் பார்த்தால் நின்று, அடிப்பக்கத்தை நன்றாகத் தேய்த்துவிட்டுப் போங்கள். ஒரு நிமிட வேலைதான்.

எந்த மாதம் நல்லது? காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

எனக்கு மார்ச் பிடிக்கும். கோடைக் கூட்டம் வடிந்திருக்கும், கடல் நீரில் கோடையின் சூடு மிச்சமிருக்கும், காற்றும் பெரும்பாலும் அமைதி. டிசம்பரில் போனால் ராத்திரி ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும். ஆனால் விடியல் ஐந்தரைக்கே வந்துவிடும். எந்த மாதமானாலும் ஒரு கம்பளி மேலாடையும் மழைச் சட்டையும் வேண்டும். காலையில் வெயில், மதியம் ஆலங்கட்டி என்று ஒரே நாளில் பார்த்திருக்கிறேன்.

சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே எழுந்து, கூடாரத்திலிருந்து மணலுக்கு வந்துவிடுங்கள். ஈர மணலில் மட்டும் நடங்கள். மேல்மணலில் சின்னஞ்சிறு கரைப்பறவைகள் முட்டையிட்டிருக்கும், முட்டையும் மணல் நிறம்தான். குடா கிழக்கே திறந்திருக்கிறது. ஆனால் நான் சூரியனைப் பார்த்து உட்காருவதில்லை, இடது பக்கம் வடக்கே திரும்பி, வரும்போது ஏறிக் கடந்த ஹாசர்ட்ஸ் மலைகளைப் பார்ப்பேன். முதலில் சாம்பல். பிறகு உச்சியில் மட்டும் ஒரு கோடு சிவக்கும். அந்தக் கிரானைட் பாறையில் ஃபெல்ட்ஸ்பார் என்ற இளஞ்சிவப்புக் கனிமம் நிறைய. வெளிச்சம் இறங்க இறங்க மலை முழுக்க அந்த நிறம் வழிந்து வரும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். காபிக்குத் தண்ணீரை அதற்கு முன்பே கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.