குழந்தைகள் நலக் கொள்கைகளைப் பெற்றோர் பின்தொடர்ந்து மாற்ற முடியுமா?

குழந்தைகளின் உணவு, உடல்நலம் குறித்து மாநில அரசு எடுக்கும் முடிவுகளைச் சாதாரணப் பெற்றோர் எப்படிக் கண்காணிப்பது, அவற்றில் நம் குரலுக்கு இடமுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்த அனுபவத்தில், தமிழ்நாட்டை வைத்துச் சொல்கிறேன். இடமுண்டு, ஆனால் அரசாணையில் பயனாளிகள் யார் என்று வரையறுக்கும் ஓரிரு வரிகளைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்குத்தான் அது கண்ணில் படும்.

காலை உணவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதம் சட்டப்பேரவையில் 110ஆவது விதியின் கீழ் (விவாதமின்றி அறிவிப்பு வெளியிட இடம்தரும் அவை விதி) அறிவிக்கப்பட்டு, செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது, 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சுமார் 1.14 லட்சம் குழந்தைகளுக்கு மட்டுமே அது கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளும், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. ஒரே தெருவில் வசிக்கும் இரு குழந்தைகளுள் ஒன்றுக்குக் காலை உணவு கிடைக்க, உதவிபெறும் பள்ளியில் படித்த ஒரே காரணத்தால் மற்றொன்று காத்திருந்தது. வகுப்புக்கும் இத்தகைய எல்லை உண்டு. திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை என்று வரையறுக்கப்பட்டதால், எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சென்ற பிள்ளைகள் அதே வளாகத்தில் இருந்தும் காலை உணவை இழந்தார்கள். நாங்கள் கையில் எடுத்தது இந்த ஒரு வரியைத்தான்.

பின்தொடர்வதற்கு நாளிதழ்ச் செய்தி போதாது. நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் (ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையின் ஒப்புதல் கேட்பது) நடக்கும்போது, ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை அவையில் வைக்கிறது. அது அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. அதனுடன் அமைச்சர் வெளியிடும் அறிவிப்புகளையும் படிக்க வேண்டும். 2025இல் திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பதிலாகப் பொங்கலும் சாம்பாரும் என்ற மாற்றம் வந்தது அப்படிப்பட்ட அறிவிப்பில்தான். (உப்புமாவைப் பற்றி எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கருத்தும் கோட்டை வரை எட்டிவிட்டதென்றே நான் எண்ணிக்கொண்டேன்.) அறிவிப்பு அரசாணையாக வெளிவரும்போது யார் விடுபடுகிறார்கள் என்பதை அப்போதே பார்த்துவிடுவது நல்லது, ஒதுக்கீடு முடிந்த பின் கேட்டால் அடுத்த நிதியாண்டு வரை பதில் கிடைக்காது.

உடல்நலத்தில் சிக்கல் வேறு வகையானது, அதிகம் கவனிக்கப்படாததும்கூட. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாத வயதுக் குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015–16இல் 50.7 சதவீதம், 2019–21இல் 57.4 சதவீதம். அதே இடைவெளியில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதம் 27.1இலிருந்து 25.0 ஆகச் சற்றுக் குறைந்தது. இரத்தசோகைக்கு வாரம் இருமுறை இரும்புச்சத்துத் திரவ மருந்து தர வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள கொள்கை. ஆனால் மருந்து மக்கள் நல்வாழ்வுத் துறையிடமிருந்து வருகிறது. அதைப் பெற வேண்டிய குழந்தை இருக்கும் அங்கன்வாடியோ சமூகநலத் துறையின் பொறுப்பு. இரு துறைகளுக்கு நடுவே பாட்டில் தீர்ந்துபோனால் எவரும் தம்மைப் பொறுப்பாளியாகக் கருதுவதில்லை. இங்கே புதிய திட்டம் கேட்பதைவிட, இருப்புப் பதிவேட்டைக் காட்டுமாறு கேட்பதே அதிகப் பயன் தருமென்பது என் கருத்து.

கேட்பதற்கான வழிகள் நமக்குச் சட்டத்திலேயே உள்ளன. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அதன் தீர்மானத்தை ஒருவர் எழுதும் மனுவைப் போல எளிதில் ஒதுக்கிவிட முடியாது. காலை உணவின் வகுப்பு எல்லையைத் திருத்த வேண்டும் என்று எங்கள் குழுவில் தீர்மானம் போட்டோம். அதே கோரிக்கையைக் கிராம சபையிலும் தீர்மானமாக்கி, இரண்டின் நகல்களையும் மானியக் கோரிக்கைக்கு முன்பே சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்தோம். மனுவில் ஒரே கோரிக்கைதான் இருந்தது: எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினோம். கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று மற்ற குறைகளையும் சேர்க்கச் சிலர் விரும்பினார்கள். அவற்றைத் தனி மனுவாக்கியது சரியான முடிவென்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்களுக்குக் கிடைத்த பதில், நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்பதுதான். அத்தகைய கடிதம் வந்தால் அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களுடைய (அதிகாரிகள் தம் கருத்தை எழுதும் பக்கங்கள்) நகலைக் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கோப்பு எந்த மேசையில், என்ன காரணம் எழுதப்பட்டு நிற்கிறது என்பது தெரிந்துவிட்டால், அடுத்த மனுவை அந்தக் காரணத்துக்கான பதிலாகவே எழுதிவிடலாம்.