அஜந்தா, எல்லோரா: கிழமைகளை மாற்றிக்கொள்ளுங்கள்

வணக்கம். முழங்கால் வலியுள்ள தாயாருடன் திங்களன்று அஜந்தாவையும் செவ்வாயன்று எல்லோராவையும் காணத் திட்டமிட்டிருப்பதாக எழுதியுள்ளீர்கள். அஜந்தாவுக்குத் திங்களும் எல்லோராவுக்குச் செவ்வாயும் விடுமுறை நாள்கள் என்பதால், வரிசையை அப்படியே மாற்றிவிடுங்கள்.

ஔரங்காபாத்திலிருந்து (இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர்) அஜந்தா ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு, விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. வாடகைக் கார் குகைவரை போகாது, கடைசி 4 கி.மீ. தூரத்தை அங்குள்ள பேருந்தில்தான் கடக்க வேண்டும். தொடக்கத்திலேயே படிகள் இருப்பதால் தாயாருக்கு டோலி (ஆட்கள் தோளில் சுமந்து செல்லும் நாற்காலி) பேசிக்கொள்ளுங்கள்.

1ஆம் குகையில் பத்மபாணி என்னும் போதிசத்துவரின் ஓவியத்தைக் காணச் சற்றுநேரம் இருளில் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டால்தான், தாழ்ந்த இமைகளும் கையிலுள்ள தாமரையும் துலங்கும். கடைக்கோடியில் இருந்தாலும், புத்தரின் பரிநிர்வாணத்தை, அதாவது இறுதி மறைவைக் காட்டும் சிற்பமுள்ள 26ஆம் குகையை விட்டுவிடாதீர்கள்.

எல்லோராவில் 1 முதல் 12 வரையுள்ளவையே பௌத்தக் குகைகள். நேரம் குறைவென்றால், அவற்றுள் மர விட்டங்களைப் போலவே கல்லில் கூரை செதுக்கிய 10ஆம் குகை ஒன்றே போதும்.