சாதியை விட்டுவிட்டு ஜகஜீவன் ராமா?

கேள்வி: ஆசிரியர் அண்ணாச்சி, ஜகஜீவன் ராம் 30 வருஷத்துக்கு மேல் டெல்லியில் மந்திரி. நேரு, இந்திரா, மொரார்ஜி என்று யார் வந்தாலும் நாற்காலியை விடாத மனுஷன். இவர் பிரதமர் ஆகாமல் போனது நல்லதுதானே? சாதியை இழுக்காமல் பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நாற்காலியை விடாதவர் என்பது முழுசாகச் சரியில்லை அண்ணாச்சி. 1963-ல் காமராஜர் திட்டத்தின்படி பதவியை விட்டு இறங்கிய ஆறு மத்திய மந்திரிகளில் இவரும் ஒருத்தர், திரும்ப உள்ளே வந்தது 1966-ல். ரயில்வே இவர் கைக்கு வந்த கதை நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1956 நவம்பரில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர்ப் பக்கம் வெள்ளத்தில் பாலம் உடைந்து ஆற்றில் விழுந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள் (தூத்துக்குடி அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாதான்). லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அவர் பேர் இன்றைக்கும் மேடைக்கு மேடை கேட்கிறது. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் அந்தத் துறையைக் கட்டி மேய்த்தவர் பேரைச் சொல்ல ஆளில்லை. 1971 போரில் ராணுவ மந்திரியும் இவர்தான், அதுவும் இந்திரா கணக்கில்தான் வரவு.

குறை சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் நானே ஒன்று எடுத்துத் தருகிறேன். 1975 ஜூலையில், எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலில் கிடந்தபோது, எமர்ஜென்சிக்கு ஒப்புதல் கேட்டு லோக்சபாவில் தீர்மானம் கொண்டுவந்தவர் இவர். காங்கிரஸ் கட்சியை விட்டு வெளியே வந்தது 1977 பிப்ரவரியில், அதுவும் தேர்தல் அறிவித்த பிறகு. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் சாதியை இழுக்காமல் என்கிறீர்களே, அது முடியாது. ஜகஜீவன் ராம் தலித். அவர் படித்த பீகார் ஆரா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, முஸ்லிம்களுக்கு ஒரு பானை. இந்தப் பையன் இந்துப் பானையில் மொண்டு குடித்துவிட்டான் என்று மூன்றாவதாக ஒன்றை வைத்தார்கள். உடைத்தான். திரும்ப வைத்தார்கள், திரும்ப உடைத்தான். கடைசியில் தலைமையாசிரியரே மூன்றாம் பானை வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதே ஆள் 1978-ல் ராணுவ மந்திரியாகக் காசிக்குப் போய் உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் சம்பூர்ணானந்த் சிலையைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பியதும், கங்கை ஜலம் ஊற்றிச் சிலையைக் கழுவினார்கள். முப்படையும் அவர் துறைக்குக் கீழே இருந்தது அப்போது.

வடக்கத்திக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நாங்குநேரி உங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, பிள்ளைகள் கையில் சாதிக் கலர் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று எழுத வேண்டியிருந்தது.

சரி, பிரதமர் விஷயம். இவர் வந்திருந்தால் பிரமாதமாக ஆண்டிருப்பார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, 1975 குறுக்கே நிற்கிறது. ஆனால் 1977-ல் ஜெயித்த ஜனதா கட்சி மொரார்ஜியைப் பிரதமராக்கியது, 1979-ல் வந்த சரண்சிங் லோக்சபாவைச் சந்திக்காமலே விழுந்தார், அடுத்து இவரைக் கூப்பிட்டுப் பலத்தைக் காட்டச் சொல்லாமல் ஜனாதிபதி சஞ்சீவ ரெட்டி சபையைக் கலைத்துவிட்டார். பதவி ஆசை மொரார்ஜிக்கு இல்லையா, சரண்சிங்குக்கு இல்லையா? அவர்கள் ரெண்டு பேரைப் பற்றியும் இப்படி ஒரு கேள்வி எனக்கு இதுவரை வந்ததில்லை.