பிக்கப்புக்கு எல்.எஸ்.டி.யா, டிஃப் லாக்கா?

கேள்வி: தாண்டிக்குடிக்கு மேலே எங்களுக்குக் காப்பியும் மிளகும் உள்ள தோட்டம் இருக்கிறது. உள்ளே போகிற பாதை முழுக்கச் செம்மண். ஐப்பசி, கார்த்திகையில் சேறு. பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்க இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் பின்பக்கம் எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) இருக்கிறது என்கிறார்கள். மற்றதில் பொத்தானை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் டிஃப் லாக், விலையும் கூடுதல். மூட்டைகளைப் பட்டிவீரன்பட்டிக்கு இறக்கவேண்டும், அவ்வப்போது மதுரைக்கும் போகவேண்டும். எதை எடுக்கலாம்?

பதில்: டிஃப் லாக் உள்ளதை எடுங்கள். எஞ்சினும் சேஸிஸும் இரண்டிலும் ஒரே தரத்தில் இருந்தால், அந்தக் கூடுதல் விலை உங்கள் பாதைக்குத் தகும். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் மட்டுமே ஓடுகிற வண்டி என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

பின் ஆக்சிலின் நடுவே உருண்டையாகத் தொங்கும் ஹவுசிங்குக்குள் கிரவுன், பினியன் என்ற பற்சக்கரங்களோடு சேர்ந்து இருப்பதுதான் டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று வைத்தால், தெருமுனையில் ஒரு முறை திரும்புவதற்கே வெளிச் சக்கரம் 2.3 மீட்டருக்கு மேல் கூடுதலாக உருள்கிறது. அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியலின் வேலை. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இழுவிசையை இரண்டு பக்கமும் சமமாகத்தான் பிரிக்கும். நுகத்தில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்ற மாட்டின் பலமும் வீணாவதுபோல, வழுக்குகிற சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் கிடைக்கும். எல்.எஸ்.டி. வழுக்குகிற சக்கரத்தை ஓரளவு கட்டுப்படுத்தி மறுபக்கம் கூடுதல் விசை அனுப்பும்; டிஃப் லாக் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகவே பூட்டிவிடும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சேற்றில் நிற்கும் சக்கரம் 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைதான் தாங்குகிறது, அதற்கு மேல் சுழன்றுவிடும் என்று வைப்போம். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் 1,200 வரை தாங்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் 200, 200, மொத்தம் 400. பல்சக்கர (கியர்) வகை எல்.எஸ்.டி. ஒன்று 2.5 மடங்கு வரை மறுபக்கம் அனுப்பும் என்றால் 200, 500, மொத்தம் 700. வண்டி நகர இது பல நேரம் போதும். லாக் போட்டால் 200, 1,200, மொத்தம் 1,400.

இப்போது அந்தச் சேற்றுச் சக்கரம் தரையைவிட்டே எழும்பிவிட்டது என்று வையுங்கள். அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை 2.5 மடங்காக்கினாலும் பூஜ்யம்தான். டோர்சன் போன்ற பல்சக்கர எல்.எஸ்.டி. இந்த இடத்தில் கைவிட்டுவிடும். எல்.எஸ்.டி.யில் கிளட்ச் தகடு வகை என்று இன்னொன்று உண்டு; அதில் தகடுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் இருப்பதால் கொஞ்சம் மறுபக்கம் போகும். லோடு வண்டியை ஏற்றத்தில் இழுக்க அது பெரும்பாலும் போதாது. லாக் போட்ட ஆக்சிலுக்கோ ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் கவலையில்லை. ஆகவே உங்கள் பாதையில் சக்கரம் வழுக்கி மாட்டுகிறதா, தூக்கி மாட்டுகிறதா என்று பாருங்கள். மழை அரித்த வாய்க்கால் குறுக்கே ஓடுகிற, ஒரு பக்கம் பாறை துருத்தி நிற்கிற தோட்டப் பாதையில் தூக்கத்தான் செய்யும். பிக்கப்பின் பின்பக்கம் லோடுக்காகப் போட்ட விறைப்பான பட்டை ஸ்பிரிங்; வெறும் வண்டியில் அது வளைந்தே கொடுக்காது. ஃபோர் வீல் போட்டும் மாட்டிக்கொள்கிறவர்கள் இதனால்தான் மாட்டுகிறார்கள்: முன்னால் ஒரு பக்கமும் பின்னால் அதற்கு எதிர்ப் பக்கமுமாகக் குறுக்கே இரண்டு சக்கரம் சும்மா சுழலும், மற்ற இரண்டும் அசையாது.

சரி, அப்படியானால் எல்.எஸ்.டி. எதற்கு? தார்ச்சாலைக்கு. ஓட்டுகிறவர் எதையும் தொடவேண்டாம், அது பாட்டுக்கு வேலை செய்யும். மழையில் வெறும் வண்டி வளைவிலிருந்து வேகம் எடுக்கும்போது உள்பக்கச் சக்கரம் சுழல்வதைக் கட்டுப்படுத்தும். லாக்கை அங்கே போடவே கூடாது. இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றாகவேண்டும் என்பதால், நான் மேலே சொன்ன 2.3 மீட்டர் வித்தியாசத்தை டயர் தேய்ந்தோ ஆக்சில் முறுக்கேறியோ ஈடுகட்டவேண்டும். ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஆனால் உங்கள் லாக் பொத்தானில் இயங்குவது. வத்தலக்குண்டு சாலையில் இறங்கியதும் அணைத்துவிட்டால் அது சாதாரண டிஃபரன்ஷியல், அவ்வளவுதான். தோட்டத்துக்காக நீங்கள் சாலையில் இழப்பது எல்.எஸ்.டி. தருகிற அந்தச் சிறு உதவியை மட்டும்தான்.

பூட்டுகிற டிஃபரன்ஷியலில் தானியங்கி வகையும் உண்டு. ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர் அப்படி: இரு சக்கரங்களின் வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசப்பட்டால் தானாகப் பூட்டும், வண்டியின் வேகம் கூடினால் பூட்டாமல் விட்டுவிடும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் தன் பிக்கப்புகளில் இந்த வகையைக் கொடுத்துவருகிறது. இங்கே மஹிந்திரா தாரில் பார்த்திருப்பீர்கள். நல்ல பொருள்தான், ஆனால் சக்கரம் சுழல ஆரம்பித்த பிறகே பூட்டும், அதுவும் ‘டங்’கென்று. சேற்றில் அந்த ஒரு சுழற்சியே பள்ளம் தோண்டிவிடும். டொயோட்டா ஹைலக்ஸில் இருப்பதுபோல் நாமே முன்கூட்டிப் போடுகிற லாக் எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

இனி அந்த எல்.எஸ்.டி. வண்டி. அதில் இருப்பது நிஜமான எல்.எஸ்.டி.தானா? ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பைக் கொண்டு சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும் ஏற்பாட்டையும் சில நிறுவனங்கள் எல்.எஸ்.டி. என்றே அழைக்கின்றன. அதுவும் உதவும், ஆனால் ஹவுசிங்குக்குள் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல்தான். நீண்ட ஏற்றத்தில் பிரேக் சூடாகும்.

சோதிப்பது எளிது. சமதரையில் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்குக் கீழே போகக்கூடாது. ஃபோர் வீலை எடுத்து டூ வீல் டிரைவில் வைத்து, கியரை நியூட்ரலாக்கி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் அதே திசையில் விறைப்பாகச் சுற்றினால் கிளட்ச் வகை எல்.எஸ்.டி. உயிரோடு இருக்கிறது. எதிர்த் திசையில் லேசாகச் சுற்றினால் ஒன்று அது சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது தகடுகள் தேய்ந்துபோன எல்.எஸ்.டி. பழைய வண்டிகளில் இரண்டாவது மிகச் சகஜம், அதற்குப் போய்க் கூடுதல் பணம் கொடுக்கவேண்டியதில்லை. சில பல்சக்கர வகைகளும் தானியங்கி லாக்கரும் இந்தச் சோதனையில் சாதாரண டிஃபரன்ஷியல்போலவே நடந்துகொள்ளும், அதையும் மனதில் வையுங்கள்.

லாக் உள்ள வண்டியையும் இதேபோல் தூக்கிப் பாருங்கள். லாக் போடாதபோது எதிர்த் திசை, போட்டதும் ஒரே திசை. பல வண்டிகளில் லோ ரேஞ்சில்தான் (ஃபோர் வீலில் மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓட்டுவதற்கான கியர்) லாக் விழும், மேனுவலில் எழுதியிருக்கும். அப்படியானால் லோ ரேஞ்சில் போட்டு ஈரமண்ணில் ஓட்டிப் பாருங்கள். டாஷ்போர்டில் லாக்குக்கான விளக்கு முதலில் மினுக்கலாம், கொஞ்சம் உருண்டதும் நின்று எரியவேண்டும். மினுக்கிக்கொண்டே இருந்தால் லாக்கை இயக்கும் மோட்டாரோ, ஒயரிங்கோ, சென்சாரோ போயிருக்கிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாத லாக் இறுகிக் கிடப்பது உண்டு. அப்படியிருந்தால் விலை பேச உங்களுக்கு ஒரு பிடி.

வாங்கிய பிறகு டிரைவருக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுங்கள். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது லாக்கைப் போடக்கூடாது, பல் உடையும். இடத்துக்கு முன்பே நிறுத்தியோ ஊர்ந்தோ போட்டு, கடந்ததும் எடுத்துவிடவேண்டும்; விளக்கு அணையாவிட்டால் நேராகச் சில அடி உருட்டினால் விடுபடும். இரண்டாவது இன்னும் முக்கியம். பக்கவாட்டில் பள்ளத்தை நோக்கிச் சரிந்த ஈரப்பாதையில் லாக் ஆபத்து. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது சுழலாமல் வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். லாக்கில் இரண்டும் ஒன்றாகச் சுழன்றால் பின்பக்கம் அப்படியே சரிவு நோக்கி இறங்கும். இறுக்கமான எல்.எஸ்.டி.யிலும் இதே சிக்கல் உண்டு, அதை அணைக்கப் பொத்தானும் கிடையாது.

ஒருவேளை விலை எட்டவில்லை, எல்.எஸ்.டி. வண்டிதான் என்றாகிவிட்டால்? மிச்சப்பட்ட பணத்தில் முதலில் நல்ல சேற்று டயர் போடுங்கள். டயர் மொழுக்கையாக இருந்தால் லாக்கே இருந்தாலும் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழலும், அவ்வளவுதான் வித்தியாசம். சக்கரம் தூக்கிச் சுழலும்போது ஆக்சிலரேட்டரைக் குறைத்து, பிரேக்கை லேசாக மிதித்துப் பாருங்கள். சுழலும் சக்கரத்துக்குக் கிடைக்கிற அந்தச் சிறு தடையை வைத்து எல்.எஸ்.டி. மறுபக்கம் விசை அனுப்பும். வெளியே லாக்கர் வாங்கிப் பொருத்தவும் முடியும், ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. ஏர் லாக்கர் பேர்போனது. ஆனால் கம்ப்ரசர், காற்றுக்குழாய், கிரவுன் பினியனைத் திரும்ப செட் செய்யும் வேலை என்று செலவு ஏறும். செட்டிங் பிசகினால் ஹவுசிங் ஊளையிட ஆரம்பிக்கும். எல்லா ஒர்க்ஷாப்பும் அதைச் சரியாகச் செய்வதில்லை. உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்த வண்டி வந்தாலும் முதல் வாரமே ஹவுசிங் ஆயிலை மாற்றிவிடுங்கள். வடித்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலையும், ஹவுசிங் மூச்சுவிடும் பிரீதர் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் வகை எல்.எஸ்.டி. என்றால் அதற்கென்று குறிப்பிட்ட ஆயில்தான் ஊற்றவேண்டும். சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால், திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து கரகரவென்று சத்தம் வரும்.