வண்டி கேள்வி – பதில்: இரைச்சல் இல்லாத ஏ.டி. டயர்

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கிறேன். டயர் அளவு 245/70 ஆர்16. போடியிலிருந்து பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வாரம் நாலு தடவை போய் வருகிறேன். இப்போதுள்ள ஏ.டி. (ஆல் டெரெய்ன் – ரோடு, மண்பாதை இரண்டுக்குமான) டயர் 45,000 கி.மீ. ஓடிவிட்டது. 60-ஐத் தாண்டினால் காதை அடைக்கும் இரைச்சல். மழையில் தோட்டத்துப் பாதையும் ஏற வேண்டும், ரோட்டில் சத்தமும் குறைய வேண்டும். எதை வாங்கலாம்?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: டயருக்குப் பணம் எடுப்பதற்கு முன்பு சத்தம் டயருடையதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீல் பேரிங் தேய்ந்தாலும் இதே மாதிரிதான் இரையும். நாலு டயரையும் மாற்றிய பிறகு அது தெரியவந்தால் வயிறு எரியும். ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில் 50 வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். வலப்பக்கம் ஒடிக்கும்போது சத்தம் கூடி, இடப்பக்கம் ஒடிக்கும்போது அடங்கினால் இடது பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் சத்தமே மாறினால் குற்றவாளி டயர்.

அடுத்து, வண்டியை நிறுத்திவிட்டு டயரின் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டை) மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். கம்பி, கல் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் பட்டால், பட்டன்கள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. 45,000 கி.மீ. ஓடிய ஏ.டி. டயர் கத்துவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உங்கள் பாதையில் இது சீக்கிரமே வரும். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் முன் டயரின் ஓரப் பட்டன்கள் ரோட்டில் உரசி இழுபடுகின்றன. அலைன்மென்ட் தப்பியிருந்தாலோ, ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தாலோ தேய்மானம் இரட்டிப்பாகும். இவற்றைச் சரிசெய்யாமல் எவ்வளவு அமைதியான டயரைப் போட்டாலும் அதுவும் ஒருநாள் கத்தத் தொடங்கும்.

இனி தேர்வு. பட்டன்களுக்கு நடுவே அகப்படும் காற்று பிதுங்கி வெளியேறும் ஓசையும், ஒவ்வொரு பட்டனும் ரோட்டில் அறையும் ஓசையும் சேர்ந்ததுதான் டயர் சத்தம். பட்டன்கள் எல்லாம் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் இருந்தால் ஒரே சுருதியில் ரீங்காரமிடும். அளவை மாற்றி மாற்றி வைத்திருந்தால் அந்தச் சத்தம் பல சுருதிகளாகச் சிதறிக் காதை உறுத்தாது. ஆகவே கடையில் டயரை உருட்டிப் பாருங்கள்: நடுப்பகுதியில் பட்டன்கள் நெருக்கமாக, ஒன்றோடொன்று பின்னியது போல இருக்க வேண்டும், ஓரத்தில் மட்டும் இடைவெளி இருந்தால் போதும். நடுவிலேயே விரல் நுழையும் பள்ளம் இருந்தால் அது ரோட்டில் பேசும். எம்.டி. (மட் டெரெய்ன் – சேற்றுக்கான) டயர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பெயர் சொல்வதானால், யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ.டி. ஜி015 ரோட்டுப் பக்கம் சாய்ந்தது. ரோட்டு ஓட்டமே அதிகமுள்ள உங்களுக்கு முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வோம். பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2-வின் பக்கச்சுவர் மிக உறுதி, கூரான கல்லுக்கு அஞ்சாது. ஆனால் எடை கூடுதல், சத்தமும் கூடுதல். தோட்டத்துப் பாதையில் உடைகல் நிறைந்து, பக்கச்சுவர் அடிக்கடி கிழிகிறதென்றால் மட்டும் அதற்குப் போங்கள். பக்கச்சுவர் கிழிசலைப் பஞ்சர் ஒட்டிச் சமாளிக்க முடியாது.

அளவுக்கு முன்னால் ‘எல்.டி.’ என்று அச்சிட்டிருந்தால் அது கனரகச் சுமைக்கானது. தடித்த கட்டுமானம், அதே எடையைத் தாங்க அதிகக் காற்று கேட்கும், காலி வண்டி தூக்கிப் போடும். ஏலக்காய் மூட்டையும் ஆட்களும் மட்டும் ஏற்றுகிற வண்டிக்குச் சாதாரணக் கட்டுமானமே போதும். ஆனால் சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்), கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. 111 என்றால் ஒரு டயருக்கு 1,090 கிலோ.

தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்ததை முழு விலைக்கு வாங்காதீர்கள்.

மாட்டும்போதே நாலுக்கும் பேலன்சிங், அலைன்மென்ட். 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். புது ரப்பரின் மேல்பூச்சு போகும்வரை முதல் சில நூறு கி.மீ. பிடி குறைவாகவே இருக்கும், மழையில் மெட்டு இறங்கும்போது நிதானம். பிறகு 8,000 கி.மீ.க்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள்: பின் டயர்கள் நேராக முன்னுக்கு, முன் டயர்கள் குறுக்காகப் பின்னுக்கு. சுழல் திசை அம்புக்குறி உள்ள டயரானால் குறுக்கே மாற்றக் கூடாது. சேற்றுக்காகக் காற்றை 24 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால், தார் ரோட்டைத் தொடுவதற்கு முன் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி உள்கட்டே பிரிந்துவிடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: 245/70 ஆர்16 டயர் உள்ள வண்டிக்கு 265/70 ஆர்16 போட்டால் ஏற்றத்தில் நன்றாக இருக்கும் என்கிறார்களே?
– வாசகர், கம்பம்

பதில்: விட்டம் 749 மி.மீ.யிலிருந்து 777 மி.மீ.க்குப் போகும். தரையிலிருந்து 14 மி.மீ. உயரம் கிடைக்கும், அவ்வளவே. ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட சுமார் 3.7 சதவீதம் குறைத்துக் காட்டும், குமுளி ஏற்றத்தில் இழுவை மந்தமாகும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உள் மட்கார்டில் உரசலாம். அகலம் கூடுவதால் சத்தமும் கூட வாய்ப்புண்டு. வேண்டாம்.

கேள்வி: இரண்டு டயர் மட்டும் இப்போது மாற்றினால் போதுமா?
– வாசகர், உத்தமபாளையம்

பதில்: டூ வீல் டிரைவ் என்றால் சரி, புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். மொட்டை டயர் பின்னால் இருந்தால் ஈர ரோட்டு வளைவில் பின்பக்கம் வழுக்கி வண்டி சுற்றிவிடும். ஃபோர் வீல் டிரைவில் நாலையும் சேர்த்தே மாற்றுங்கள். பட்டன் ஆழம் 4 மி.மீ. வேறுபட்டால் விட்டம் 8 மி.மீ. வேறுபடும், 4எச் (நாலு சக்கரத்துக்கும் இழுவை தரும் நிலை) போட்டு ஓட்டும்போது முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, அந்த அழுத்தம் முழுவதும் டிரான்ஸ்பர் கேஸில் (இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) போய் இறங்கும்.